பத்தாம் எண் சிரிப்பு

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் அந்த ஆண்டு எலும்பு முறிந்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

மணிக்கட்டு உடைந்தவர்கள் விட்டுவிட்டுச் சிரித்தார்கள். கணுக்கால் பிசகியவர்கள் இழுத்து இழுத்துச் சிரித்தார்கள். தோள்மூட்டு நழுவியவர்களின் சிரிப்பு தனி. மூட்டைத் திரும்பப் பொருத்தும் நொடியில் அவர்கள் போட்ட சத்தத்துக்கு, எதிர்வரிசை டீக்கடையில் நின்றவர்கள் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். ஒருமுறை கிரிக்கெட் பந்து பட்டு மூக்கு உடைந்த கல்லூரிப் பையன் சிரித்த சிரிப்பில், அவனைத் தூக்கிவந்த நான்கு பேரும் வாசலிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து பேரில் யாருக்கு அடி என்று கண்டுபிடிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஆய்வுக்காக வந்த மருந்து அது. மூக்குத் துளைக்கு ஒரு அடி என்று சீசாவிலிருந்து பீய்ச்சினால் போதும். காகிதங்களில் அதற்கு ஒரு நீளமான எண் உண்டு. வார்டில் எல்லோரும் அதைக் கிச்சுகிச்சு என்றே சொன்னோம்.

“வலி எங்கயும் போகல,” என்று டாக்டர் மெஹருன்னிசா ஒவ்வொரு நோயாளியின் வீட்டாருக்கும் சலிக்காமல் விளக்குவார். “கால்ல அடிபட்டா அந்தச் செய்தி நரம்பு வழியா மூளைக்குப் போகும். மூளை அதை வலின்னு படிக்கும். இந்த மருந்து அடிச்சா, மூணு மணி நேரத்துக்கு அதே செய்தியை மூளை கூச்சம்னு படிக்கும். யாரோ கிச்சுகிச்சு மூட்டுற மாதிரி. அவ்வளவுதான்.”

“அப்போ எம்பய சிரிக்கச் சிரிக்க அவனுக்கு அடி கூடுதல்னு அர்த்தமாம்மா?” என்று ஒரு தகப்பனார் கேட்டார்.

“ஆமாங்க. எவ்வளவு வலியோ அவ்வளவு சிரிப்பு.”

அவர் கட்டிலில் குலுங்கிக்கொண்டிருந்த மகனைக் கலவரத்தோடு பார்த்தார். “ஏல, கொஞ்சம் கொறச்சுச் சிரில,” என்று கெஞ்சினார்.

மற்ற வலிமருந்துகள்போல இது தூக்கத்தில் தள்ளாது, மூச்சை மந்தமாக்காது, பழக்கமாகிவிடாது என்றார்கள். உடம்பில் வேறு நோய் இல்லாத இளவயதினரிடம் முதலில் பார்க்கலாம் என்று விளையாட்டில் அடிபட்டு வருபவர்களுக்கு மட்டும் கொடுத்தோம். எங்கள் மாவட்டத்தில் அவர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி ஆனால் தெருவுக்கு ஒருவர் நொண்டிக்கொண்டு வருவார்.

என் வேலை அவர்கள் பக்கத்தில் நின்று சிரிப்புக்கு எண் போடுவது. டாக்டர் அதற்கு ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். இரண்டு என்றால் உதடு மட்டும் விரிவது. ஐந்து என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது. எட்டு என்றால் கண்ணில் நீர் வழிவது. பத்து என்றால் சிரிப்பு முற்றிச் சத்தமே இல்லாமல் போவது. வாய் திறந்திருக்கும், தோள் குலுங்கும், ஒலி வராது. பத்தை நான் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். தொடை எலும்பு இரண்டாகப் போன ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்.

“உங்களை இந்த வேலைக்கு எடுத்ததுக்கு ஒரே காரணம்தான் ஜெபா,” என்று டாக்டர் சொன்னார். “நீங்க சிரிச்சு நான் பார்த்ததில்ல. உங்களுக்கு இது ஒட்டாது.”

உண்மைதான். பதினோரு ஆண்டுகளாக நர்ஸ் வேலை. தேவையானதைச் சொல்வேன், மற்ற நேரம் சும்மா இருப்பேன். ஜெபக்கனி சிஸ்டர் கோபமாக இருக்கிறார் என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கோபமெல்லாம் இல்லை. எனக்குள் பேச்சு மெதுவாக ஊறும். அது ஊறி வருவதற்குள் எதிரில் இருப்பவர் போயிருப்பார்.

முத்துப்பேச்சி வந்தது ஒரு புதன்கிழமை காலை. ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர். ஓட்டிவந்தவர் கபடி பயிற்சியாளர் தங்கப்பழம் மாஸ்டர். பின்னால் இருந்தவள் அணித்தலைவி செண்பகவடிவு. இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சி. இடது கை மோதிரவிரல் போகக் கூடாத திசையில் போயிருந்தது. வலது முழங்கால் பலாக்காய்போல வீங்கியிருந்தது. முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கிற பெண் என்று அவள் உள்ளங்கைக் கறுப்பு சொன்னது.

மருந்து அடித்து ஒரு நிமிடம் ஆனது. அவள் முகம் அவளுக்கே ஏதோ ரகசியம் சொன்னதுபோல மலர்ந்தது.

“சிஸ்டர், விரலுக்குள்ள கோழிக்குஞ்சு நடக்குது சிஸ்டர்!”

டாக்டர் விரலைப் பிடித்து இழுத்தார். பேச்சி கட்டிலில் உருண்டு, தலையணையைக் கடித்து, டாக்டரின் தோளில் அறைந்து சிரித்தாள்.

“ஏட்டி, அவ்வோ டாக்டருட்டி! மரியாதையாச் சிரி,” என்று வடிவு அதட்டினாள். அதட்டும்போதே அவளுக்கும் வெடித்துவிட்டது. மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. நான் எட்டு என்று எழுதினேன்.

முழங்காலைப் பார்த்த பிறகு டாக்டரின் குரல் மாறியது. “உள்ள தசைநார் பாதி கிழிஞ்சிருக்கு. ஆறு வாரம் ஆட்டம் கிடையாது.”

“மேடம், வர்ற ஞாயித்துக்கிழமை இறுதி ஆட்டம்,” என்றார் மாஸ்டர்.

“அதுக்கு?”

“போலீஸ் அணிக்கு ஆள் எடுக்க வாராவ. இவளைப் பாக்கத்தான் வாராவ. தேரியூர்லேருந்து ஒரு பிள்ளை பாடிப் போற அழகைக் கேள்விப்பட்டு, அவங்களா கேட்டுட்டு வாராவ. எடுத்துட்டாவன்னா வேலை மேடம். சர்க்கார் வேலை.”

பேச்சி சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் கண்கள் டாக்டரின் வாயையே பார்த்தன. “மேடம், இந்த மருந்தை அடிச்சிட்டு ஆடினா?”

“கபடியில மூச்சு விடாமப் பாடணும் இல்ல? நடுவுல சிரிச்சா பாட்டு அறுந்துடும். அப்புறம் என்ன ஆட்டம்?” டாக்டர் அவள் முழங்காலில் கட்டைச் சுற்றினார். “அதுவும் இல்லாம, வலிதான் உன்னை நிறுத்தணும். அது இல்லன்னா எங்க நிக்கணும்னு உனக்குத் தெரியாது பேச்சி.”

“சிரிச்சுக்கிட்டே பாட முடியாதா மேடம்?”

“முயற்சி பண்ணிப் பாரு. மூச்சு முட்டும்.”

டாக்டர் அதைக் கேலியாகத்தான் சொன்னார்.

மதியம் அவர்களை வீட்டுக்கு அனுப்பினோம். மாத்திரைகள், பாதி தீர்ந்த களிம்பு, மிச்சப் பஞ்சு என்று கட்டில் பக்கத்து மேசையில் இருந்ததையெல்லாம் ஒரு காகிதக் கவரில் போட்டு வடிவின் கையில் கொடுத்தேன். அடுத்த கட்டிலில் ஒரு கைப்பந்துக்காரர் ஆறாம் எண்ணில் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான்கு மாதக் கணக்கு அவர் முன்னால் இருந்தது. மருந்து நன்றாகவே வேலை செய்திருந்தது. ஆனால் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

“இதைப் பாருங்க ஜெபா. பழைய வலி ஊசி போட்டவங்க கட்டிலுக்கு டாக்டர் வர எவ்வளவு நேரம்? ஏழு நிமிஷம். கிச்சுகிச்சு போட்டவங்க கட்டிலுக்கு?”

பார்த்தேன். பத்தொன்பது நிமிடம்.

“இந்தப் பத்தொன்பதுல நானும் இருக்கேன்,” என்றார். “அழுதுகிட்டு இருக்கிற கட்டிலுக்கு என் கால் தானா போகுது. சிரிக்கிற கட்டிலைப் பார்த்தா, சரி, நல்லாத்தானே இருக்கான்னு தாண்டிப் போயிடுறேன். அதிக அடி யாருக்குன்னு சுவத்துல எழுதி ஒட்டினவளே நான்தான்.”

“வீட்டாளுங்களும் அப்படித்தான் மேடம்.”

“என்ன பண்றாங்க?”

யோசித்தேன். டாக்டர் காத்திருந்தார். என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

“டீ குடிக்கப் போயிடுறாங்க,” என்றேன். “முன்னெல்லாம் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இப்போ கொஞ்ச நேரம் கூட நின்னு சிரிச்சிட்டுப் போயிடுறாங்க. போன வாரம் குண்டு எறியிற பொண்ணு ஒண்ணு, தோள் கிழிஞ்சு வந்துச்சு. அவ அப்பா வெளிய பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. அது சிரிச்சுக்கிட்டே வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நான் ஏழுன்னு எழுதினேன்.”

“எழுதிட்டு?”

“அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன்.”

வெளியே யாரோ ஒன்பதாம் எண்ணில் கெக்கலித்தார்கள். எங்கள் இருவருக்கும் உதடு துடித்தது. அதுதான் அந்த மருந்தின் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வின் அடுத்த கட்டம் தொடங்கியது. அடிபட்டவர் மருத்துவமனைக்கு வருவதற்குள் காலம் வீணாகிறது என்பதால், மைதானத்திலேயே மருந்து கொடுத்துப் பார்ப்பதற்கு ஒரு வேனோடு என்னை அனுப்பினார்கள். மருந்து வாங்கியவர் அன்றைக்கு மறுபடி ஆடக் கூடாது என்பது விதி. கபடி இறுதி ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. தகரக் கொட்டகை போட்டு, ரப்பர் மேட் விரித்து, எட்டு ஒலிபெருக்கி கட்டி, ஊரே வந்திருந்தது. முதல் வரிசையில் விறைப்பாகக் கைகட்டி உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களைப் பார்த்ததும் அவர்கள்தான் போலீஸ் அணிக்கு ஆள் எடுப்பவர்கள் என்று தெரிந்தது.

தேரியூர் அணி இறங்கியது. ஏழாவதாக வந்தவள் முத்துப்பேச்சி.

நான் மாஸ்டரிடம் போனேன். “ஆறு வாரம் சொன்னாங்களே?”

“நானும் அதைத்தான் சொன்னேன் சிஸ்டர். வலியே இல்லன்னு காலைல குதிச்சுக் காட்டுதா. நான் என்ன செய்ய?”

பேச்சியின் முதல் பாட்டு தொடங்கியபோது கொட்டகை ஒரு நொடி அமைதியாகி, பிறகு ஆர்ப்பரித்தது. அவள் சிரித்துக்கொண்டே பாடினாள். சிரிப்பு தனி, பாட்டு தனி என்று இல்லை. கபடி கபடி என்ற சொல்லே குலுங்கிக் குலுங்கி வந்தது. சிரிப்பும் மூச்சை வெளியே விடுவதுதான், பாட்டும் மூச்சை வெளியே விடுவதுதான். நான்கு நாளில் இரண்டையும் ஒரே கயிறாக முறுக்கக் கற்றிருந்தாள். நடுவர் காதைத் தீட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். சொல் எங்கேயும் அறுபடவில்லை.

“தேரியூர்ப் பேச்சி சிரிக்கிறார்! எதிரணியைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வருகிறது!” என்று வர்ணனையாளர் ஒலிபெருக்கியில் கத்தினார்.

எதிரணிக்காரிகள் முதலில் முறைத்தார்கள். மூன்றாவது முறை பேச்சி பாடி வந்தபோது அவர்களில் ஒருத்திக்குத் தாங்கவில்லை. சிரித்தவள் பிடியை விட்டாள். அவளைத் திட்டப்போன தலைவி, திட்டும் பாதியில் சிரித்தாள். பேச்சி இருவரையும் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்கு ஓடிவந்தாள். நடுவர் ஊதலை வாயில் வைத்துச் சிரித்ததில் அது தேவையில்லாத நேரத்தில் பீப்பீ என்றது. தாத்தாக்கள் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். கைகட்டி உட்கார்ந்திருந்த போலீஸ்காரப் பெண்களில் ஒருவர் கையை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார். அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் எந்தக் கூட்டத்திலும் பார்த்ததில்லை.

நான் மட்டும் சிரிக்கவில்லை. வலது கால் ஊன்றும்போதெல்லாம் அவள் சிரிப்பு ஒரு படி ஏறி இறங்கியது. ஐந்து. ஏழு. ஐந்து. எட்டு. மனதுக்குள் எண் போட்டுக்கொண்டிருந்தேன். எண் போடுகிறேன் என்பது உறைத்ததும் அந்தக் காகிதக் கவர் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது யாரும் மிச்சத்தை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். திறந்த களிம்பு, பாதி மாத்திரை அட்டை, எல்லாம் தங்கள் பெயரில் திறந்தது, தங்களுடையது. நாங்களும் கேட்காமலே கவரில் போட்டுக் கொடுத்துவிடுவோம். ஆய்வு மருந்தின் சீசாவை மட்டும் திரும்ப எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். ஒரு சீசாவில் பத்து அடி. பேச்சிக்கு இரண்டு அடித்திருந்தேன். பதினோரு ஆண்டுப் பழக்கத்தில் என் கை அதையும் சேர்த்துக் கவரில் போட்டிருந்தது. எட்டு அடி மிச்சத்தோடு.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. இரண்டு அணியும் இருபத்தேழு. பேச்சி மறுபடி பாடப் போவதற்குக் கோட்டருகே நின்று சரிகிற கட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அப்போதே கத்தியிருக்க வேண்டும். கத்தினால் அவளை வெளியேற்றுவார்கள்; முதல் வரிசைப் பெண்கள் எழுந்து போவார்கள்; அவள் திங்கட்கிழமை முந்திரி ஆலைக்குப் போவாள். இதையெல்லாம் அவளுக்காக யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் என் வேலையையும் சேர்த்தே யோசித்தேன். இந்த ஒரு முறை பாடிவிட்டு வரட்டும், பிறகு மாஸ்டரிடம் மெதுவாகச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த ஒரு முறையில்தான் நடந்தது.

ஒருத்தி கணுக்காலைப் பிடித்தாள். இன்னொருத்தி இடுப்பைப் பிடித்தாள். மூன்றாவது பெண், கொஞ்சம் கனமான உடம்பு, ஓடிவந்த வேகத்தில் மேலே விழுந்தாள். அவள் முழங்கால் பேச்சியின் இடது விலாவில் இறங்கியதை நான் பார்த்தேன். விதிமீறல் ஒன்றும் இல்லை. கபடியில் விழுவார்கள்.

குவியல் பிரிந்தது. பேச்சி எழுந்து மண்டியிட்டாள். வாய் அகலத் திறந்திருந்தது. தோள் குலுங்கியது. கண்ணீர் வழிந்தது. சத்தம் இல்லை.

கூட்டம் அதை ஏதோ ஊமை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டியது. விசில் பறந்தது. “சிரிச்சுச் சிரிச்சுத் தொண்டை கட்டிட்டு!” என்று ஒருவர் கத்த, கொட்டகையே அதிர்ந்தது.

நான் ரப்பர் மேட் மேல் ஓடினேன்.

“மேடம், செருப்போட மேட்ல ஏறக் கூடாது!” என்று நடுவர் கத்தினார்.

பேச்சியின் கை சில்லென்று வேர்த்திருந்தது. நாடி எண்ணுவதற்குள் ஓடியது. அவள் காற்றில்லாத வாயால் ஏதோ சொன்னாள். காதை அருகே கொண்டுபோனேன். “தோள்ல சிஸ்டர்... இடது தோள்ல யாரோ கிச்சுகிச்சு...” தோளில் அவளுக்கு அடியே படவில்லை.

“சிஸ்டர், நல்லாத்தானே சிரிக்கா!” மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நின்று கும்பிட்டார். “இன்னும் கொஞ்ச நேரம்தான் சிஸ்டர். வாழ்க்கை சிஸ்டர், பிள்ளையோட வாழ்க்கை!”

“அவ அந்த மருந்து அடிச்சிருக்கா!” என்றேன். “சிரிக்கல மாஸ்டர். வலி. இதுக்கு மேல வலி கிடையாது. மருந்தை நான்தான் குடுத்தேன். நான்தான் கவர்ல போட்டேன்.”

வேடிக்கை பார்க்க வர்ணனையாளர் மைக்கோடு பக்கத்தில் வந்திருந்தார். நான் சொன்னது எட்டு ஒலிபெருக்கியிலும் கேட்டது. கொட்டகை படிப்படியாக, முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு, அடங்கியது. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் நிறுத்த முடியாமல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வேனில் வடிவும் ஏறினாள். நான் பேச்சியின் காலைத் தூக்கி வைத்து, கையில் ஊசி ஏற்றிக்கொண்டே டாக்டரைக் கூப்பிட்டேன். எதிர்முனையில் வார்டின் கெக்கலி கேட்டது. டாக்டர் குரலிலும் பாதி சிரிப்பு.

“சொல்லுங்க ஜெபா, யாரு இன்னைக்கு?”

“பத்து மேடம்.”

டாக்டரின் சிரிப்பு நின்றது. “எங்க அடி?”

“இடது விலா. ஆனா கூச்சம் இடது தோள்லங்கறா. நாடி நூத்து முப்பது.”

“மண்ணீரல். வயித்துக்குள்ள ரத்தம் தேங்கினா வலி தோள்ல தெரியும். தண்ணி ஏத்திக்கிட்டே வேகமா வாங்க. ரத்தத்துக்குச் சொல்றேன். நான் தியேட்டர்ல இருப்பேன்.”

பேச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சொல் சொல்லாக வந்தது. “சாவப் போறேனா சிஸ்டர்? சிரிப்பா... வருது.”

“இல்ல,” என்றேன். எனக்குத் தெரியாது.

வடிவு ஒரு மாதிரி திணறினாள். “சிஸ்டர், எனக்கும் வருது சிஸ்டர். அவ மூஞ்சியப் பாத்தா வருது. பயமாவும் இருக்கு. என்னைய அடிங்க சிஸ்டர்.”

“மூஞ்சியப் பாக்காத. கையைப் பிடி. கையை மட்டும் பாரு.”

வடிவு இரண்டு கையாலும் அந்தக் கறுப்பு உள்ளங்கையைப் பிடித்து அதையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

அவசரப் பிரிவின் வாசலில் தள்ளுவண்டிக்காரர் யோசுவா அண்ணாச்சி டீ டம்ளரோடு நின்றார். கதவு திறந்ததும் பேச்சியின் முகத்தைப் பார்த்தார். அவர் முகமும் விரிந்தது. “இன்னொரு கிச்சுகிச்சு! வாம்மா, வா. இரு, இந்த ஒரு மடக்கு...” பின்னால் இருந்த காவலாளியும் சிரித்தார். அவர்கள் நல்லவர்கள். நான்கு மாதமாகச் சிரிப்பவர்களைத் தள்ளிக்கொண்டு போய்ப் பழகியவர்கள்.

நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. டம்ளர் தரையில் விழுந்து உருண்டது மட்டும் தெரியும். அண்ணாச்சி அந்த வராந்தாவில் அப்படி ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. “ஜெபக்கனி சிஸ்டர் கத்திட்டாங்க” என்று ஆஸ்பத்திரி முழுக்கச் செய்தி போய்விட்டதாம். மூன்றாம் மாடியிலிருந்துகூட ஆள் இறங்கி வந்து பார்த்ததாகச் சொன்னார்கள்.

மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். ஏழு பாட்டில் ரத்தம் ஏறியது. “இன்னும் பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தா எடுத்தும் பிரயோஜனம் இல்ல,” என்றார் டாக்டர் வெளியே வந்து.

நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். கவரைப் பற்றி. கோட்டருகே பேச்சி நின்றபோது வாயைத் திறக்காமல் இருந்ததைப் பற்றியும்.

டாக்டர் கையுறைகளைக் கழற்றிப் போட்டார். “சிரிச்சுக்கிட்டே பாட முயற்சி பண்ணுன்னு சொன்னவ நான்,” என்றார் பிறகு. “ரெண்டு பேரும் எழுதிக் கொடுப்போம்.”

எழுதிக் கொடுத்தோம். மறுநாளே ஆய்வை நிறுத்தி வைத்தார்கள். விசாரணை முடியும்வரை என்னைக் கட்டுக்கட்டும் அறைக்கு மாற்றினார்கள். மருந்து மோசம் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் தன் அறிக்கையின் கடைசியில் ஒரே ஒரு பரிந்துரை எழுதினார்: இதைக் கொடுக்கும் கட்டிலின் பக்கத்தில், வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு மனிதர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கு எங்கே ஆள் இருக்கிறது என்று மேலிடம் திருப்பிக் கேட்டிருக்கிறது.

நான்காம் நாள் பேச்சியைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். அவள் பழைய வலிமருந்துக்குத்தான் கை நீட்டினாள். அதையும் பாதி போதும் என்றாளாம். பார்வையாளர் நேரத்தில் நான் போனபோது தேரியூர் அணியே கட்டிலைச் சுற்றி நின்றது.

“ஒரு புள்ளியில தோத்துட்டோம்ட்டி,” என்றாள் வடிவு. “ஏன்னு கேளு. நீ சத்தம் இல்லாமச் சிரிச்சீல்லா, பாட்டு அறுந்துட்டுன்னு நடுவர் அவங்களுக்குப் புள்ளி குடுத்துட்டாரு. உன்னைய வேன்ல ஏத்துறோம், அந்த மனுசன் விரலைத் தூக்கிக்கிட்டு நிக்காரு!”

பேச்சியின் உதடு விரிந்தது. உடனே முகம் சுருங்கியது. வயிற்றில் ஒரு சாண் தையல்.

“போலீஸ்காரங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “வந்தாவ,” என்றாள் வடிவு. “உம்பேரு, அப்பா பேரு, வீட்டு விலாசம் எல்லாம் கேட்டு எழுதிட்டுப் போனாவ.”

“எடுத்துட்டாவளா?”

“இல்லட்டி. அது வேற போலீஸு. மருந்து வெளிய போன கேசு எழுத வந்தாவ.”

பேச்சி கண்ணை மூடித் திறந்தாள். “அவங்கதானா? நேத்து இங்கயும் வந்தாவ. நான் சொல்லிட்டேன். சிஸ்டருக்கு ஒண்ணும் தெரியாது, சீசாவை நான்தான் களவாண்டேன்னு.”

“ஐயோ,” என்றேன் நான். “நான்தான் குடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனே.”

“அதான்!” என்று வடிவு கையைத் தட்டினாள். “அதான் அந்த இன்ஸ்பெக்டரம்மா தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாவளாம். இருபது வருச சர்வீஸ்ல, இதை நான் செய்யலங்கிறவனைத்தான் பாத்திருக்கேன், நான்தான் செஞ்சேன்னு ரெண்டு பேரு சண்டை போடுற கேசை இப்பத்தான் பாக்கேன்னு!”

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் சரிந்தார்கள். பேச்சி இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டு, சிரித்து, பல்லைக் கடித்து, மறுபடி சிரித்து, “ஐயோ, சிரிக்க வைக்காதீங்கட்டி! வலிக்குது! அம்மா, வலிக்குதுட்டி!” என்று அலறினாள்.

அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் ஆறு பெண்களும் கட்டில்மேல் கவிழ்ந்தார்கள். ஒருத்தி தலையணையைத் தூக்கினாள், ஒருத்தி தண்ணீர் எடுத்தாள், ஒருத்தி காலைத் தடவினாள். வாசலில் தயங்கி நின்ற மாஸ்டர் உள்ளே ஓடிவந்து, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலின் அம்மாகூட எழுந்து வந்துவிட்டார்.

பேச்சி ஈரக் கண்ணால் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“இப்படி மொத்தமா வந்து நின்னா மூச்சு முட்டாதா? தள்ளுங்கட்டி,” என்றாள். பிறகு கையை மட்டும் நீட்டினாள். “வடிவு, நீ இரி.”

வடிவு உட்கார்ந்தாள். யாரும் டீ குடிக்கப் போகவில்லை.